கற்பூரம் மணக்கும் வளையல்

பழம்பொருள் கடைகளில் 'பேக்கலைட்' என்ற ஒற்றைப் பெயரில் விற்கப்படும் வளையல்கள், சீப்புகள், மணிமாலைகள் பலவும் உண்மையில் பேக்கலைட் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் அணிகலன்களுக்கு வெவ்வேறு நெகிழிகள் பயன்பட்டன. அவற்றின் மூலப்பொருள் வேறு, மூப்படையும் விதமும் வேறு. ஒன்றைத் துலக்கும் முறை மற்றொன்றைக் கெடுத்துவிடும் என்பதால், பெயர்க் குழப்பம் பொருளையே இழக்கச் செய்கிறது.

அடையாளம் காண்பதில் கண்ணைவிட மூக்கு நம்பகமானது. பழைய வளையலைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்க்கையில் கற்பூரம் மணந்தால் அது செல்லுலாய்டு. பருத்தி இழையை அமிலங்களில் பதப்படுத்திக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோசைக் கற்பூரத்தோடு பிசைந்து உருவாக்கிய பொருள் அது. பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தத்தின் மாற்றைத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹையட், 1870-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கற்பூரத்தின் பெரும்பகுதி தைவான் காடுகளிலிருந்து வந்தது. 1899-இல் ஜப்பானியக் குடியேற்ற அரசு அங்கே அதைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. கோயில் தட்டில் எரியும் அதே பொருள்தான் ஐரோப்பியப் பெண்களின் கொண்டைச் சீப்பிலும் ஒளிந்திருந்தது. தந்தமாக நடிக்கும் செல்லுலாய்டில் கோடுகள் ஒரே சீராக, இணையாக ஓடும். உண்மையான யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டிலோ அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்.

தீய்ந்த பாலின் வாடை வந்தால் அது கேலலித். பால்புரதமான கேசினை ஃபார்மலினில் ஊறவைத்து இறுக்கும் முறைக்கு ஷ்பிட்டலர், கிரிஷே என்ற இரு ஜெர்மானியர் 1899-இல் காப்புரிமை பெற்றனர். கிரேக்க மொழியில் பாலும் கல்லும் இணைந்த பெயர் அது. சாயத்தை நன்கு ஏற்பதால், இடார்-ஓபர்ஷ்டைன் நகரின் பெங்கல் பட்டறை அதைக் குரோமியச் சங்கிலிகளோடு கோத்து அழகிய கழுத்தணிகளைச் செய்தது.

மூன்றாவது கார்பாலிக் நெடி. ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பேக்கலைட்டை லியோ பேக்கலண்ட் 1907-இல் கண்டுபிடித்தார். மின்கம்பிகளின் காப்புக்குப் பயன்பட்ட இந்திய அரக்கு விலையேறியதே அவரது தேடலின் தூண்டுகோல். சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சிகள் சுரந்த பிசினுக்கு மாற்றாகப் பிறந்த பொருள், பின்னாளில் நகையாகவும் மாறியது. ஆயினும் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியான பின், 1920-களின் இறுதியில் வந்த கேட்டலின் போன்ற வார்ப்புப் பிசின்களே இன்று கொண்டாடப்படும் வண்ண வளையல்களில் பெரும்பாலானவை.

இவ்வளையல்களின் நிறமும் ஏமாற்றும். வெண்மை காலப்போக்கில் வெண்ணெய் மஞ்சளாகும். நீலம் பச்சையாகத் தோன்றும். மெருகுப் பசையை இட்டுத் துடைத்துப் பஞ்சில் மஞ்சள் கறை படிகிறதா என்று பார்ப்பது சேகரிப்பாளர் வழக்கம். அந்தக் கறை வளையலின் மேற்பரப்பிலிருந்தே வருவது. ஓயாமல் சோதிப்பவர் வளையலின் வயதைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கிறார். அதைவிடக் கொடியது பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்ப்பது. செல்லுலாய்டாக இருந்தால் குபீரெனத் தீப்பற்றும்.

வெந்நீர்ச் சோதனையும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கேலலித் நீரை உறிஞ்சி உப்பும், காய்கையில் வெடிக்கும். ஆல்பர்ட் இளவரசரின் மறைவுக்குப் பின் விக்டோரியா கால இங்கிலாந்தில் பெருகிய துக்க அணிகளில், கருங்கல் போன்ற ஜெட்டுக்கு மாற்றாக வந்த கந்தகமேற்றிய கெட்டி ரப்பரோ, வெந்நீரில் கருமை இழந்து பழுப்பாகிவிடும். நெயில்பாலிஷ் நீக்கும் அசிட்டோன் செல்லுலாய்டைக் கரைத்தேவிடும். இன்னதென்று உறுதியாகத் தெரியாத பொருளுக்கு மென்மையான உலர்ந்த தூரிகை போதும். வார்ப்புப் பிசின் என்று தெளிந்தால் மட்டும், மென்சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்தலாம்.

செல்லுலாய்டை இறுக மூடிய பெட்டியில் வைப்பது பெருந்தவறு. அது சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவருகின்றன. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை அமிலமாகி, அந்நகையை மட்டுமன்றி அருகிலுள்ளவற்றையும் அரிக்கின்றன. அருங்காட்சியகங்கள் அதைக் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைப்பது இதனால்தான். வீட்டுப் பேழையில் முதலில் தெரியும் அறிகுறி, பித்தளைக் கொக்கியில் பூக்கும் பச்சைக் களிம்பு. அதைக் கண்டவுடன் செய்யவேண்டியது துலக்குவதன்று. அந்த நகையை மற்றவற்றிடமிருந்து பிரித்துவைப்பது.