செத்தும் கொடுத்தார் போஸ்!

2013-ல ‘செல்ஃபி’யை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரங்க அந்த ஆண்டின் சொல்லா அறிவிச்சாங்க. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேற வேலையில்லை"ன்னு அலுத்துக்கற மக்களே, ஒரு பழைய கதை கேளுங்க.

பாரிஸில் இப்போலித் பயார் என்று ஓர் அரசாங்க குமாஸ்தா. காகிதத்தில் நேரடியாகப் படம் பதிக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1839 ஜூனில் கண்காட்சியே வைத்தார். ஆனால் பேரும் அரசு பென்ஷனும் தாகேருக்குப் போயிடுச்சு.

கடுப்பான மனுஷன் 1840-ல் என்ன செஞ்சார் தெரியுமா? சட்டையில்லாம, கண்ணை மூடி, நிமிஷக்கணக்கா அசையாம, தண்ணியில மூழ்கிச் செத்த பிணம் மாதிரி சாஞ்சு உக்காந்து தன்னையே படம் எடுத்தார். அரசு கைவிட்டதால மூழ்கிட்டான்னு படத்துக்குப் பின்னாடி அவரே எழுதியும் வைத்தார்! ஆனா 1887 வரைக்கும் உயிரோடதான் இருந்தார்.

செல்ஃபின்னா வெறும் அழகு காட்டறதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். "நானும் இருக்கேன்யா, என்னையும் பாருங்க"ங்கற ஆதங்கம் அன்னிக்கே அதுல இருந்திருக்கு.