140-லிருந்து டாப் 50-க்கு: அலெக்ஸாண்ட்ரா ஈயாலா ரேங்கிங் ஏணியில் ஏறியது எப்படி?

2025 மார்ச் மாசம் ஸ்போர்ட்ஸ் நியூஸ் பக்கம் கொஞ்சம் ஸ்க்ரோல் பண்ணியிருந்தாகூட இந்தப் பெயரை நீங்க கடந்திருப்பீங்க. அலெக்ஸாண்ட்ரா ஈயாலா. 19 வயசு. பிலிப்பைன்ஸ். உலகத் தரவரிசையில் 140-வது இடம். மயாமி ஓபனில் ஒரே வாரத்தில் மூன்று கிராண்ட் ஸ்லாம் சாம்பியன்களை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த ரேங்கிங் பட்டியல் வந்தபோது 75-வது இடம்.

'ஒரே வாரத்துல ஓவர்நைட் ஸ்டார்' என்று ரீல்ஸ் எல்லாம் பறந்தது. ஆனா, அந்த ஒரு வாரத்துக்குப் பின்னாடி நாலு வருஷத்துச் சின்னச் சின்னப் போட்டிகள் இருக்கு. அந்த வாரத்துக்குப் பிறகும் கதை முடியலை. ஏன்னா, டென்னிஸில் ரேங்கிங் என்பது சொந்த வீடு மாதிரி இல்லை, வாடகை வீடு மாதிரி. வருஷா வருஷம் வாடகை கட்டணும். அது எப்படின்னு ஈயாலா கதை வழியாவே பார்க்கலாம்.

தாத்தா போட்ட பிள்ளையார் சுழி

2005 மே 23-ல் பிலிப்பைன்ஸின் கெஸோன் சிட்டியில் பிறந்தவர் ஈயாலா. கூடைப்பந்தும் குத்துச்சண்டையும்தான் அந்த நாட்டின் உயிர். டென்னிஸ் அங்கே கிட்டத்தட்ட ஓரமாக நிற்கிற விளையாட்டு. 1950-களில் ஃபெலிசிசிமோ ஆம்போன் என்ற வீரர் பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பில் காலிறுதி வரை போயிருக்கிறார். அதற்குப் பிறகு ஒற்றையர் ஆட்டத்தில் உலக அளவில் பேசப்படும் பெயர் வர பல பத்தாண்டுகள் ஆனது.

குடும்பத்தில் விளையாட்டு இருந்தது. அம்மா, தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் நீச்சலில் வெண்கலம் வென்றவர். தாத்தாதான் பேத்தியின் கையில் ராக்கெட்டைக் கொடுத்தார். அண்ணனும் டென்னிஸ் ஆடினார். 12 வயதில், பிரான்ஸில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக நடக்கும் புகழ்பெற்ற 'லே பெத்தி ஆஸ்' போட்டியில் ஈயாலா பட்டம் வென்றார். அதன்பின் ஸ்பெயினின் மயோர்கா தீவில் இருக்கும் ரஃபேல் நடால் அகாடமிக்கு ஸ்காலர்ஷிப்பில் போனார். நம்மூரில் ஏழாவது, எட்டாவது படிக்கிற வயசில் வீட்டையும் நாட்டையும் விட்டு வேறு கண்டத்தில் வாழ்க்கை!

ஜூனியர் பிரிவில் எல்லாமே நல்லா போனது. 2020 ஆஸ்திரேலிய ஓபன், 2021 பிரெஞ்சு ஓபன் இரண்டிலும் ஜூனியர் இரட்டையர் பட்டம். 2022 அமெரிக்க ஓபனில் ஜூனியர் ஒற்றையர் பட்டம். பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவர் ஜூனியர் கிராண்ட் ஸ்லாமில் ஒற்றையர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. கோப்பையோடு தன் தாய்மொழியிலேயே பேசினார்.

இங்கேதான் ஒரு விஷயம் கவனிக்கணும். ஜூனியரில் எவ்வளவு கோப்பை வாங்கினாலும், அந்தப் புள்ளிகள் பெரியவர்களுக்கான தரவரிசையில் சேராது. அங்கே பூஜ்ஜியத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

15 புள்ளி உலகம்

பெண்கள் டென்னிஸில் அடிமட்டப் படி, ஐ.டி.எஃப் நடத்தும் 'டபிள்யூ 15' போட்டிகள். மொத்தப் பரிசுத் தொகையே 15,000 டாலர். அதை ஒற்றையர், இரட்டையர் ஆடுகிற எல்லோரும் பிரித்துக்கொள்ளணும். டிவி கேமரா கிடையாது. பல இடங்களில் பார்வையாளர்களும் கிடையாது. ஃப்ளைட், ஹோட்டல், கோச் செலவை எல்லாம் கழித்தால், ஜெயித்தவருக்கே கையில் பெரிசா ஒண்ணும் மிஞ்சாது.

ஈயாலா தன் முதல் புரொஃபஷனல் ஒற்றையர் பட்டத்தை 2021 ஜனவரியில், நடால் அகாடமி இருக்கும் மனாகோரிலேயே, ஒரு டபிள்யூ 15 போட்டியில் வென்றார். அப்போது வயது 15. அடுத்த வருஷம் தாய்லாந்தின் சியாங் மாயில் ஒரு படி மேலே, டபிள்யூ 25 பட்டம். 2024 ஜனவரியில் இந்தியாவுக்கும் வந்தார். புனேயில் நடந்த டபிள்யூ 50 போட்டியில் இரட்டையர் பட்டம் வென்றார். அதே வருஷம் ஜூலையில் ஸ்பெயினின் விட்டோரியா-காஸ்டெய்ஸில் டபிள்யூ 100 ஒற்றையர் பட்டம். 15, 25, 50, 100 என்று நம்பரைப் பார்த்தாலே ஏணியின் படிகள் தெரியுதுல்ல?

கணக்கு இப்படித்தான் வேலை செய்யும்

டபிள்யூ.டி.ஏ ஒற்றையர் தரவரிசை, கடந்த 52 வாரங்களில் ஒரு வீராங்கனை எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. அதிலும் சிறந்த 18 போட்டிகளின் முடிவுகள் மட்டும்தான் கணக்கில் வரும்.

ஒரு பட்டத்துக்கு எவ்வளவு?

* கிராண்ட் ஸ்லாம்: 2,000 புள்ளிகள்
* மயாமி போன்ற டபிள்யூ.டி.ஏ 1000 போட்டி: 1,000
* டபிள்யூ.டி.ஏ 250: 250
* டபிள்யூ.டி.ஏ 125: 125
* டபிள்யூ 50: 50
* டபிள்யூ 15: 15

இப்போ ஒரு சின்னக் கணக்கு. வருஷம் முழுக்க டபிள்யூ 15 மட்டும் ஆடி, 18 போட்டியிலும் சாம்பியன் ஆனாலும் 270 புள்ளிதான். மயாமியில் ஒரே ஒரு அரையிறுதிக்கு 390 புள்ளி!

இன்னொண்ணு. டபிள்யூ 50 போட்டியில் அஞ்சு மேட்ச் ஜெயித்துக் கோப்பை வாங்கினால் 50 புள்ளி. கிராண்ட் ஸ்லாம் மெயின் டிராவில் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்து, அடுத்த மேட்சில் தோற்றாலும் 70 புள்ளி. அதனால்தான் கீழே இருப்பவர்கள் எல்லோரும் மேலே ஒரு இடத்துக்குத் தவிக்கிறார்கள். அடிமட்டத்தில் எவ்வளவு ஓடினாலும், மேல்மட்டத்தின் கதவு திறக்கிற வரைக்கும் பெரிய தாவல் நடக்காது.

100 என்கிற சுவர்

அந்தக் கதவு எங்கே இருக்கு? கிட்டத்தட்ட 100-வது இடத்தில். ஒவ்வொரு கிராண்ட் ஸ்லாமிலும் 128 பேர் மெயின் டிராவில் ஆடுவார்கள். 104 பேர் தரவரிசை அடிப்படையில் நேரடியாக உள்ளே. 8 பேருக்கு வைல்டு கார்டு. மீதி 16 இடங்களுக்குத் தகுதிச்சுற்று. அதில் அடுத்தடுத்து மூணு மேட்ச் ஜெயிக்கணும்.

2024-ல் ஈயாலா இந்தச் சுவரில் மூணு முறை மோதினார். பிரெஞ்சு ஓபன் தகுதிச்சுற்றில் ரெண்டு மேட்ச் ஜெயித்து மூணாவதில் தோல்வி. விம்பிள்டனிலும் அதே. அமெரிக்க ஓபனிலும் அதே. மூணு முறையும் மெயின் டிராவுக்கு ஒரே ஒரு மேட்ச் தூரம். விம்பிள்டன் தகுதிச்சுற்றில் அவரைத் தோற்கடித்த லுலு சன், மெயின் டிராவில் காலிறுதி வரைக்கும் போனார். தகுதிச்சுற்றில் தோற்பவருக்கும் டிவியில் ஜொலிப்பவருக்கும் நடுவில் எவ்வளவு மெல்லிய கோடு பாருங்க.

இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் தேங்கிப் போவாங்க. 130-க்கும் 200-க்கும் நடுவிலேயே வருஷங்கள் ஓடிடும். காசு கரையும், காயம் வரும், 'இது நமக்கு சரிப்படுமா'ங்கிற கேள்வி வரும். ஈயாலாவும் 2025 மார்ச் வரை அங்கேதான் நின்றார்.

அந்த மயாமி வாரம்

மயாமி ஓபன் அவருக்கு வைல்டு கார்டு கொடுத்தது. இது எல்லோருக்கும் கிடைக்கிற வாய்ப்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும். ஆனா, வைல்டு கார்டு உள்ளே மட்டும்தான் விடும். மேட்சை நாமதான் ஜெயிக்கணும்.

முதல் சுற்றில் அமெரிக்காவின் கேட்டி வோலினெட்ஸ். அடுத்து 2017 பிரெஞ்சு ஓபன் சாம்பியன் ஒஸ்டபென்கோ. அதற்கடுத்து, ரெண்டு மாசம் முன்னாடிதான் ஆஸ்திரேலிய ஓபன் ஜெயித்திருந்த மேடிசன் கீஸ். மூணு பேரையும் ஒரு செட்கூட விடாமல் வென்றார். நாலாவது சுற்றில் பவுலா படோசா காயத்தால் விலகினார்.

காலிறுதியில் உலகின் நம்பர் 2 இகா ஸ்வியாடெக். இங்கே ஒரு சுவாரஸ்யம். 2023-ல் ஈயாலா நடால் அகாடமியில் பட்டமளிப்பு விழாவில் நின்றபோது, சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் இதே ஸ்வியாடெக்தான். ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ அன்றைக்கு வைரல் ஆனது. மேட்ச் முடிவு: 6-2, 7-5. ஜெயித்தது ஈயாலா!

அரையிறுதியில் ஜெசிகா பெகுலாவிடம் மூணு செட் போராடித் தோற்றார். பரவாயில்லை. 390 புள்ளிகள் கணக்கில் ஏறியாச்சு. டாப் 100-க்குள் நுழைந்த முதல் பிலிப்பைன்ஸ் வீராங்கனை ஆனார். மூணு முறை மோதிய சுவரை ஒரே வாரத்தில் தாண்டியாச்சு.

ஏறின பிறகுதான் ஆட்டம்

கதவு திறந்ததும் எல்லாம் சுகமா போச்சா? இல்லை. பிரெஞ்சு ஓபனில் முதல் முறையாக மெயின் டிராவில் ஆடினார். முதல் சுற்றிலேயே தோல்வி. ஜூன் மாதம் ஈஸ்ட்போர்னில், ஒரு டபிள்யூ.டி.ஏ போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்த முதல் பிலிப்பைன்ஸ் வீராங்கனை என்ற பெருமை. அந்த ஃபைனலில் நாலு சாம்பியன்ஷிப் பாயின்ட் கையில் இருந்தும், ஆஸ்திரேலியாவின் மாயா ஜாயின்ட்டிடம் கடைசி செட் டை-பிரேக்கில் 10-12 என்று இழந்தார். பட்டம் போனாலும் தரவரிசை 56-க்கு ஏறியது. விம்பிள்டன் முதல் சுற்றில் எதிரில் வந்தவர், நடப்புச் சாம்பியன் கிரெஜிகோவா. முதல் செட்டை எடுத்தும் தோல்வி. ஆகஸ்டில் தரவரிசை மறுபடி 75-க்கு இறங்கியிருந்தது.

அமெரிக்க ஓபன் முதல் சுற்றில் 14-வது சீட் கிளாரா டாசன். மூணாவது செட்டில் 1-5 என்று பின்தங்கினார் ஈயாலா. அங்கிருந்து ஒவ்வொரு கேமாக எடுத்து, டை-பிரேக்கில் 13-11 என்று முடித்தார். கேலரி முழுக்க பிலிப்பைன்ஸ் மக்கள் குரல். 1968-ல் தொடங்கிய ஓபன் யுகத்தில், கிராண்ட் ஸ்லாம் மெயின் டிராவில் ஒரு ஒற்றையர் மேட்ச் ஜெயித்த முதல் பிலிப்பைன்ஸ் ஆள் அவர்தான்.

அதோட நிற்கலை. அடுத்து நேராகப் போனது மெக்சிகோவின் குவாடலஜாராவுக்கு. ஒரு படி இறங்கி, டபிள்யூ.டி.ஏ 125 போட்டி. ஃபைனலில் முதல் செட்டை 1-6 என்று இழந்து, பிறகு மீண்டு வந்து பட்டம் வென்றார். 'இவ்ளோ பெரிய ஆளாகிட்டு சின்னப் போட்டியா?' என்று அவர் நினைக்கலை. ஏன் தெரியுமா? மயாமியின் 390 புள்ளிகளுக்கு எக்ஸ்பைரி டேட் உண்டு. அடுத்த வருஷம் அதே போட்டி வரும்போது அவை கணக்கிலிருந்து கழியும். அதற்குள் வேறு இடங்களில் புள்ளி சேர்த்து வைத்திருந்தால்தான் அந்த அடி தாங்கும். 2025 முடியும்போது அவர் தரவரிசை 50-ஐ ஒட்டி இருந்தது. டிசம்பரில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் தங்கமும் வென்றார்.

இனி ரேங்கிங் நியூஸ் பார்க்கும்போது...

'இளம் வீராங்கனை 60 இடங்கள் முன்னேற்றம்' என்று ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால், மூணு விஷயம் செக் பண்ணுங்க.

1. புள்ளிகள் எங்கிருந்து வந்தன? ஒரே போட்டியில் குவிந்ததா, பல போட்டிகளில் பரவலாகச் சேர்ந்ததா? பரவலாக இருந்தால் சட்டென்று சரியாது.

2. அந்தப் புள்ளிகள் எப்போது கழியும்? போன வருஷம் இதே மாதம் பெரிய வெற்றி இருந்தால், இந்த வருஷம் அதே அளவு ஆடினால்தான் இருக்கிற இடம் நிற்கும். வர்ணனையாளர்கள் 'டிஃபெண்டிங் பாயின்ட்ஸ்' என்று சொல்வது இதைத்தான்.

3. 100-க்கு உள்ளேயா, வெளியேயா? 105-லிருந்து 95 ஆவது வெறும் பத்து இடம் மாதிரித் தெரியும். ஆனா, அடுத்த கிராண்ட் ஸ்லாமில் தகுதிச்சுற்றா, நேரடி நுழைவா என்பதை அந்தப் பத்து இடம்தான் பெரும்பாலும் முடிவு பண்ணும்.

உங்களுக்குப் பிடித்த பிளேயர் திடீர்னு இருபது இடம் இறங்கினாலும் உடனே 'ஃபார்ம் அவுட்' என்று கமென்ட் போட்டுடாதீங்க. போன வருஷக் காலண்டரை ஒரு முறை எடுத்துப் பாருங்க. அந்த வாரம் அவர் பழைய வாடகைக்கான ரசீதைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அவ்வளவுதான் விஷயம்.