நாணயத்தில் இரு தலைகள்

1689-க்குப் பின் இங்கிலாந்தில் வெளிவந்த காசுகளில் இரண்டு தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். முன்னால் மூன்றாம் வில்லியம். அவருக்குப் பின்னால், முகத்தின் விளிம்பு மட்டும் தெரியும்படி, இரண்டாம் மேரி. இருவரும் முடிசூடியவர்களே. ஆனால் யார் முன்னால் நிற்பது என்ற கேள்விக்குக் காசே பதில் சொல்லிவிடுகிறது.

மேரி 1662-இல் பிறந்தவர். தந்தை, பின்னாளில் அரசரான இரண்டாம் ஜேம்ஸ். 1677-இல், 15 வயதில், நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் வில்லியமுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை சொந்த அத்தை மகன்தான். நம்மூரில் இது முறைப் பொருத்தம். மேரியோ செய்தி கேட்ட அன்றும் மறுநாளும் அழுதுகொண்டிருந்தார்.

கத்தோலிக்கரான ஜேம்ஸுக்கு 1688-இல் ஆண் வாரிசு பிறந்தது, புராட்டஸ்டண்ட் பிரபுக்களைக் கலங்கடித்தது. அவர்களின் அழைப்பில் வில்லியம் படையுடன் வந்திறங்கினார். ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார். காலியான அரியணைக்கு உரியவர் மகள் மேரிதான் என்று ஒரு கட்சி வாதிட்டது. மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தயாரில்லை, நாடு திரும்பிவிடுவேன் என்றார் வில்லியம். தனியாக ஆள மேரியும் மறுத்தார். 1689 பிப்ரவரி 13 அன்று இருவருக்கும் முடி வழங்கப்பட்டது, ஒரு நிபந்தனையோடு: இருவரும் உயிரோடிருக்கும்வரை ஆளும் அதிகாரம் வில்லியமுக்கு மட்டுமே. ஏப்ரல் 11 முடிசூட்டுக்காக வெஸ்ட்மின்ஸ்டரில் இரண்டாவதாக ஒரு நாற்காலி செய்தார்கள். நாற்காலி கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை.

ஓராண்டிலேயே அந்த ஏற்பாடு உதவாமல் போனது. பிரான்சிலிருந்து அயர்லாந்துக்கு வந்திருந்த ஜேம்ஸை எதிர்த்து வில்லியம் அங்கே போக வேண்டியிருந்தது. அப்போது நாட்டை யார் நடத்துவது? 1690-இல் ஒரு சட்டம் வந்தது: அரசர் வெளிநாட்டில் இருக்கும்போது அரசியே ஆள்வார். துணைக்கு ஒன்பது பேர் கொண்ட ஆலோசனைக் குழு.

அந்தக் கோடைதான் மேரியின் ஆட்சியை எடைபோட வேண்டிய இடம். ஜூன் 30 அன்று பீச்சி ஹெட் கடற்போரில் பிரெஞ்சுக் கப்பற்படை வென்றது. எதிரி எப்போது கரையேறுவானோ என்று லண்டன் நடுங்கியது. அயர்லாந்தில், மறுநாளே, பாய்ன் ஆற்றங்கரையில் கணவரும் தந்தையும் எதிரெதிரே நின்றார்கள். மேரி அசையவில்லை. ஜேம்ஸ் பக்கம் சாய்ந்தவர்களைக் கைதுசெய்யச் சொன்னார். அதில் சொந்தத் தாய்மாமன் கிளாரெண்டன் பிரபுவும் ஒருவர். பீச்சி ஹெட்டில் தோற்ற கடற்படைத் தளபதி டாரிங்டனும் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். வெறும் பொம்மை அரசி செய்கிற வேலையா இது?

வில்லியம் திரும்பியதும் மேரி அதிகாரத்தை அப்படியே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். அடுத்த ஆண்டுகளிலும் வில்லியம் போர்முனைக்குப் போகும்போதெல்லாம் இதே கதைதான். அதைப் பணிவு என்று பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் ஆளத் தெரியாதவரிடம் வில்லியம் ஆண்டுதோறும் நாட்டை விட்டுப்போயிருக்க மாட்டார். மறுபடி மறுபடி ஒப்படைத்ததே அவர் தந்த சான்றிதழ்.

1694 டிசம்பர் 28 அன்று கென்சிங்டன் அரண்மனையில் பெரியம்மை மேரியைக் கொண்டுபோனது. வயது 32. காயமடைந்த கடற்படையினருக்காக அவர் விரும்பிய கிரீனிச் மருத்துவமனையை வில்லியம் பின்னர் கட்டத் தொடங்கினார். 1702 வரை தனியாக ஆண்டு இறந்தபோது, மேரியின் தலைமுடிக் கற்றை ஒன்று அவர் உடலில் இருந்தது. அடுத்து மேரியின் தங்கை ஆன் அரசியானார். அவருடைய கணவர் ஜார்ஜுக்கு யாரும் முடிசூட்டவில்லை.