ஏரியில் விழுந்த இறக்கை

ஜெட் விமானங்களின் வரலாற்றை நாம் எப்போதும் வேகத்தின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். யார் முதலில் ஒலியைத் தாண்டினார், யார் கடலைச் சீக்கிரம் கடந்தார் என்று. வணிகர்கள் பறக்கும் சிறு ஜெட்களின் கதை மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே முக்கியமான கேள்வி இதுதான்: இந்த விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும்?

கதை சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது. 1955இல் ஆல்டன்ரைன் என்ற ஊரில் பி-16 என்ற போர் விமானம் முதன்முறையாகப் பறந்தது. அப்போது சண்டைக்குப் போகும் ஜெட் என்றாலே இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அமெரிக்காவின் சேபர், ரஷ்யாவின் மிக்-15 எல்லாம் அப்படித்தான். சுவிஸ்காரர்கள் இறக்கையை ஏறக்குறைய நேராகவே வைத்தார்கள். காரணம் அவர்களுடைய நிலம். மலைகளுக்கு நடுவில் பள்ளத்தாக்கு, அதில் குட்டி ஓடுபாதை. அங்கிருந்து எழும்ப வேண்டும், அங்கேயே வந்து நிற்கவும் வேண்டும்.

சாய்ந்த இறக்கையில் என்ன சிக்கல்? அதன் முன்விளிம்பைச் செங்குத்தாகச் சந்திக்கும் காற்றின் பங்குதான் பெரும்பாலும் தூக்குவிசையைத் தருகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அந்தப் பங்கு குறைவது நல்லது, விமானம் முரண்டு பிடிக்காது. ஆனால் தரையிறங்கும் நேரத்தில் அதுவே நட்டம். தூக்குவிசை போதாது, ஈடுகட்ட வேகமாக வர வேண்டும். வேகம் 10 விழுக்காடு கூடினால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு கூடும். ஓடுபாதையோ ஒரு மீட்டர்கூட நீளாது.

பி-16க்கு விதி சரியில்லை. 1955இலும் 1958இலும் இரண்டு விமானங்கள் போடன்சே ஏரியில் விழுந்தன. விமானிகள் தப்பினார்கள். எரிபொருளும் ஹைட்ராலிக்கும்தான் கோளாறு. இறக்கை மேல் குற்றமில்லை. ஆனாலும் 100 விமானங்களுக்கான ஆர்டரை அரசு ரத்து செய்தது. 'சுவிஸ் நீர்மூழ்கி' என்று மக்கள் கிண்டலடித்ததுதான் மிச்சம்.

அந்த இறக்கையின் அருமையைக் கண்டுகொண்டவர் கார் வானொலி, விமானக் கருவிகள் என்று பிழைத்த அமெரிக்கர் பில் லியர். 1960இல் சுவிட்சர்லாந்தில் நிறுவனம் தொடங்கி, பிறகு விச்சிட்டாவுக்கு மூட்டை கட்டினார். 1963 அக்டோபர் 7இல் லியர்ஜெட் 23 பறந்தது. நுனியில் எரிபொருள் தொட்டியோடு, பி-16இன் இறக்கையிலிருந்து பிறந்த இறக்கை.

ஆனால் எல்லாம் கூட வரவில்லை. பி-16இன் முன்விளிம்பில் விரியும் மடல்கள் இருந்தன. லியர்ஜெட்டில் அசையும் எதுவும் அங்கே இல்லை. அந்தக் காலத்து முதலாளிகள் பலர் பயன்படுத்திய பழைய டிசி-3ஓடு ஒப்பிட்டால், லியர்ஜெட் இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையைச் சுமந்தது. புரொப்பெல்லரிலிருந்து மாறி வந்த விமானிக்கு இது இரக்கமில்லாத வாத்தியார். 1964 ஜூனில் சோதனையின்போது, தூக்குவிசையைக் குறைக்கும் ஸ்பாய்லர்களை மடக்காமலே மேலெழ முயன்று முதல் விமானம் விழுந்து எரிந்தது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. 1976இல் முன்விளிம்பின் வளைவை மாற்றி, இன்னும் மெதுவாக இறங்கும்படி இறக்கையைத் திருத்தினார்கள்.

இதற்கிடையில், அதே விச்சிட்டாவில் செஸ்னா நிறுவனம் எதிர்த் திசையில் யோசித்தது. 1969இல் பறந்த சைட்டேஷனுக்கு நேரான, அகலமான இறக்கை. வேகம் குறைவு. 'ஸ்லோடேஷன்' என்று பெயர் வைத்தார்கள். பறவைகள் பின்னாலிருந்து வந்து மோதும் என்றார்கள். சிரித்து முடிப்பதற்குள் அது சிற்றூர்களில் இறங்கத் தொடங்கியிருந்தது. மேலெழ 1,000 மீட்டருக்குள் ஓடுபாதை போதும். பின்னர் ஒரே விமானி ஓட்டவும் அனுமதி கிடைத்தது. சைட்டேஷன் குடும்பத்தில் இன்றுவரை 7,000க்கும் மேற்பட்ட விமானங்கள் விற்றிருக்கின்றன.

வேடிக்கை என்னன்னா, அதே செஸ்னா 1993இல் 37 பாகை சாய்ந்த இறக்கையோடு சைட்டேஷன் எக்ஸைப் பறக்கவிட்டது. ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டும் விமானம். அதற்குக் கொடுத்த விலை, மேலெழ 1,500 மீட்டருக்கும் மேல் ஓடுபாதை. முன்விளிம்பில் மடல்கள் வைத்தும் அவ்வளவு வேண்டியிருந்தது.

ஆக, இறக்கை என்பது ஒரு தீர்ப்பு. யாருக்காக, எந்த ஊருக்காக இந்த விமானம் என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பெருநகரங்களுக்கு இடையே அரை மணி நேரத்தை மிச்சப்படுத்துவதா, பெரிய விமானம் எட்டிப் பார்க்காத ஊரில் போய் இறங்குவதா? இரண்டையும் ஒரே இறக்கை முழுசாகத் தராது. சுவிஸ் பள்ளத்தாக்குக்காக வரைந்த கோடு கன்சாஸ் சமவெளியில் உயிர் பிழைத்ததற்குக் காரணம், அது வேகத்துக்கு முன்னால் தரையை யோசித்ததுதான்.