கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி

செல்பேசிக் கோபுரத்தினின்று வரும் அழைப்பை, வீட்டு மேசையில் இருக்கும் தொலைபேசியின் ரிசீவரை எடுத்தே பேசுவதற்கு இடந்தரும் ஏற்பாடு. இது மூவகைப்படும். அலைவாங்கியும் பாட்டரியும் உள்ளடங்கி, மேசைத் தொலைபேசியின் உருவத்திலேயே விளங்குவது ஒன்று. சிம் அட்டையை ஏற்றுக்கொண்டு, வழக்கமான தொலைபேசியைச் செருகுவதற்கு ஒரு துளையை மட்டும் காட்டும் பெட்டி மற்றொன்று. சட்டைப்பைச் செல்பேசியோடு புளூடூத்தால் இணைந்து, அதன் அழைப்பை வீட்டு ரிசீவருக்கு மாற்றித் தருவது மூன்றாவது.

இவற்றுள் பெட்டியே நுட்பம் மிக்கது. பழைய தொலைபேசிக் கருவி, எக்ஸ்சேஞ்சிலிருந்து செப்புக் கம்பி வழியே வரும் 48 வோல்ட் மின்சாரத்தால் இயங்குவதாகலின், அப்பெட்டி ஒரு குட்டி எக்ஸ்சேஞ்சாகவே தொழிற்பட வேண்டியிருக்கிறது: ரிசீவரை எடுத்தவுடன் டயல் டோன் ஒலிக்கச் செய்வதும், அழைப்பு வந்தால் மணியடிக்கத் தக்க மாறுமின்சாரம் அனுப்புவதும், அழுத்திய எண்களைச் சேர்த்துவைத்து, கடைசி எண்ணுக்குப் பின் சில விநாடி தாமதித்து அலைவழி செலுத்துவதும் அதன் பொறுப்பு. அத்தாமதத்தைப் பொறாதவர் பெரும்பாலும் ஹாஷ் பொத்தானை அழுத்தி எண்களை உடனே அனுப்பிவிடுவர். அறைதோறும் உள்ள எக்ஸ்டென்ஷன்களில் இதனை இணைக்க விரும்புவோர், வெளியிலிருந்து வரும் எக்ஸ்சேஞ்ச் கம்பியை முதலில் கழற்றிவிடுதல் அவசியம். இருவேறு மின்சாரங்கள் ஒரே கம்பியில் மோதுமாயின் பெட்டி பழுதுபடும்.

இத்துறையில் பாரதத்தின் முன்னோடி முயற்சி சென்னையில் நிகழ்ந்தது என்பது தமிழர் பெருமிதத்துடன் நினைக்கத் தக்கது. 1990களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழுவினர், சென்னை மிடாஸ் நிறுவனத்தோடும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து, கம்பியில்லாத் தொலைபேசிக்கான ஐரோப்பிய டெக்ட் தரத்தை அடிப்படையாகக் கொண்டு கார்டெக்ட் என்னும் முறையை உருவாக்கினர். செல்பேசி முறையைச் சேராதது ஆயினும், சுவரில் மாட்டிய சிறு பெட்டியில் சாதாரணத் தொலைபேசியைச் செருகிப் பேசிக்கொண்டே, அதே வேளையில் விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையத்தையும் நுகரலாம் என்பது அதன் விசேஷம். தடையற்ற நேர்ப்பார்வை இருப்பின் அலை 10 கிலோமீட்டரும், இடைநிலையம் அமைத்தால் 25 கிலோமீட்டரும் எட்டிற்று. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களின் இணைய நிலையங்களுக்கு இதுவே கைகொடுத்தது.

இனி, செல்பேசி அலையிலேயே இயங்கிய மேசைத் தொலைபேசிக்கு ஓர் உதாரணம். புனேயின் கிழக்கே சோலாப்பூர் சாலையில் உள்ள ஹடப்சர், மகர்பட்டா நகரம் போன்ற புதுக் குடியிருப்பு எழுந்த புறநகர். இவ்வட்டாரத்துக்குரிய மகாராஷ்டிர உரிமம் பெற்றிருந்த ஹியூஸ் நிறுவனத்தை 2002இல் டாடா குழுமம் வாங்கியபின், சிடிஎம்ஏ என்னும் செல்பேசி முறையில் இயங்கிய 'வாக்கி' என்னும் மேசைத் தொலைபேசி, புனேயின் 020 குறியீட்டோடு சந்தைக்கு வந்தது. குழி தோண்டிக் கம்பி புதைக்க வேண்டாமை புதுக் குடியிருப்புகளுக்குப் பேருபகாரம். மின்தடையிலும் பாட்டரி இருக்குமளவும் பேசலாம்.

இவ்வகை அலைவழி இணைப்புகளுக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள் எடுத்துச் சென்று பேசும் வசதியையும் 2001 ஜனவரியில் அரசு அனுமதித்தபோது, செல்பேசி நிறுவனங்கள் கூக்குரலிட்டுத் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தை நாடின. 2003 நவம்பரில் இருவகைச் சேவைக்கும் பொதுவான ஒருங்கிணைந்த உரிமம் வந்து அவ்வழக்கு ஓய்ந்தது. வீட்டு மேசையை விட்டு நீங்காத வாக்கியையும் நடமாடும் கருவியாகக் கொண்டு தனியார் நிறுவனங்கள் தனக்குச் செலுத்த வேண்டிய அணுகல் பற்றாக்குறைக் கட்டணத்தைக் கோரிய அரசு நிறுவனம் பி.எஸ்.என்.எல். பக்கமே 2008இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அமைந்தது.

வாக்கியை விற்ற டாடாவின் செல்பேசி வியாபாரம் 2019 ஜூலை 1இல் ஏர்டெல்லுடன் இணைந்தது. இப்போது சிம் அட்டை பொருத்தும் மேசைத் தொலைபேசிகள் கடைகளில் கிடைக்கின்றன.