சீட்டு கிடைத்த பிறகு: மருத்துவக் கல்லூரிக்குள் மார்க்கின் வரலாறு

இட ஒதுக்கீடு என்று பேச்செடுத்தால் நாம் வாசலைப் பற்றித்தான் பேசுகிறோம். யார் உள்ளே போனார்கள், எத்தனை மார்க்கில் போனார்கள், யாருடைய இடம் பறிபோனது என்று. எதிர்ப்பவர்கள் பேசுவதும் இதுதான், ஆதரிக்கிற நாம் பேசுவதும் இதுதான். உள்ளே போன சேரிப் பிள்ளை ஐந்தரை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது, எந்தப் பாடத்தில் நிறுத்தப்பட்டது, நிறுத்தியவர் யார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. 'சீட்டு கிடைச்சாச்சுல்ல, அப்புறம் என்ன?' என்று ஊரும் கேட்கிறது, அரசாங்கமும் கேட்கிறது.

வாசலின் வரலாறு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. 1950இல் சென்னை மாகாணத்தின் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மொத்தம் 330 இடங்கள். வகுப்புவாரி ஆணைப்படி 14 இடம் நிரப்பினால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, 'அரிஜன'ங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த ஆணையை எதிர்த்து வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. ஆனாலும் 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15(4) பிறந்த கதை இது. இதை நம் மேடைகளில் பல முறை சொல்லியாயிற்று.

உள்ளே நடப்பதைப் பற்றி நீதிமன்றம் பேசிய ஒரு வழக்கு உண்டு. மத்தியப் பிரதேச அரசு தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு மருத்துவ நுழைவுத் தேர்வின் குறைந்தபட்ச மார்க்கை எடுத்துவிட்டது. நிவேதிதா ஜெயின் வழக்கில் 1981இல் உச்சநீதிமன்றம் அதைச் சரி என்றது. சொன்ன காரணம் எளிமையானது. நுழைவது வேறு, டாக்டர் ஆவது வேறு. உள்ளே போனபிறகு எல்லாரும் ஒரே பாடம் படித்து, ஒரே பரீட்சை எழுதித்தான் பட்டம் வாங்குகிறார்கள். 1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் அரசியல் சட்ட அமர்வு இந்த வாதத்தை ஏற்கவில்லை. அது முதுநிலைப் படிப்பு பற்றிய வழக்கு. நுழைவு மார்க் குறைந்தால் கல்வித் தரமும் குறையும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள்.

'ரிசர்வேஷன் டாக்டர்' என்று ஏளனம் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளநிலை மருத்துவத்தில் தேர்ச்சி மார்க்கில் ஒதுக்கீடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 1997 விதிகளின்படி எழுத்துத் தேர்வில் தனியாக 50 சதவீதம், செய்முறையில் தனியாக 50 சதவீதம். அய்யர் வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான், அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான். அப்படியானால் 1981 தீர்ப்பு சொன்ன 'ஒரே பரீட்சை' உண்மையிலேயே ஒரே பரீட்சையாக நடந்ததா? நாம் தோண்டிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்ற மூன்று பாடங்களுக்கும் முன்பு ஒன்றரை வருடம் இருந்தது. 1997இல் அதை ஒரு வருடமாகச் சுருக்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுப் போன பிள்ளைக்கு ஆங்கிலம் பிடிபடவே ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்தைத்தான் வெட்டினார்கள். கான்வென்டில் படித்தவனுக்கு அது இழப்பே இல்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மொழியும் கணினியும் சேர்த்து ஒரு மாத அடிப்படைப் பயிற்சி தர வேண்டும் என்ற விதி வர 2019 ஆயிற்று. அதையும் பிறகு குறைத்துவிட்டார்கள்.

அடுத்தது காசு. மேற்படிப்பு உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது தொடங்கியது. அதில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. மருத்துவம் போன்ற படிப்புகளில் முதல் முறை தோற்றால் உதவித்தொகையைப் புதுப்பிக்கலாம். இரண்டாவது முறை தோற்றால், தேறி அடுத்த வகுப்புக்குப் போகும்வரை செலவு மாணவனுடையது. ஆக, மற்றவனுக்கு மார்க் என்பது மார்க் மட்டும். நம் பிள்ளைக்கு அது மெஸ் பில், பஸ் காசு, வீட்டில் வாங்கிய கடன். புத்தக வங்கித் திட்டத்தில் இரண்டு மாணவர்களுக்கு ஒரு செட் புத்தகம் கொடுத்தார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அந்த ஒரு அனாடமி புத்தகம் யார் கையில் இருக்கும்?

மூன்றாவது, வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்கு எண் மட்டும் உண்டு, முகம் கிடையாது. வைவாவில் முகம் உண்டு, பேர் உண்டு, அப்பா தொழில் உண்டு. எங்கள் வட்டாரத்திலிருந்து போன ஒரு விவசாயக் கூலியின் மகன் என்னிடம் சொன்னது:

"எலும்பக் கையில குடுத்தாருண்ணே. பேரு சொன்னேன். எடப்பக்கமா வலப்பக்கமான்னும் சரியாச் சொன்னேன். அப்புறம் லிஸ்ட்டப் பாத்துட்டு, 'உன் ரேங்க் என்னப்பா?'ன்னாரு. சொன்னேன். பக்கத்துல இருந்தவரப் பாத்து சிரிச்சாரு. அதோட எனக்கு வாய் கட்டிப்போச்சுண்ணே."

எழுத்துத் தேர்வில் தேறிய அந்தத் தம்பி செய்முறையில் நான்கு மார்க்கில் போனான். கூடச் சேர்ந்தவர்கள் அடுத்த வருடத்துக்குப் போய்விட்டார்கள். இவன் ஆறு மாதம் கழித்து எழுதித் தேறினான். இடையில் ராத்திரியில் எலும்புகளைப் பரப்பிவைத்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் பக்கத்து சீனியர் ஒருவர்தான்.

இது ஒருவனுடைய தனிக்கதை என்று ஒதுக்க முடியாது. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நடந்த சாதிப் பாகுபாட்டை விசாரிக்க 2006இல் மத்திய அரசு அமைத்த சுக்தேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. குழுவிடம் பேசிய தலித், பழங்குடி மாணவர்களில் 69 சதவீதம் பேர் ஆசிரியர்களிடமிருந்து போதிய உதவி இல்லை என்றார்கள். தேர்வின்போது நேரடியாகவோ சுற்றிவளைத்தோ சாதி கேட்கப்பட்டது என்றவர்கள் 84 சதவீதம். விடுதியில் சில தளங்களில் ஒதுங்கி வாழும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டிருந்தார்கள். நிர்வாகம் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. அதே டெல்லியில் வர்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் பிசியாலஜி என்ற ஒரே பாடத்தில் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். விசாரித்த பாலச்சந்திர முங்கேகர் குழு 2012இல் பாகுபாடு நடந்ததை உறுதிசெய்தது. மற்றப் பாடங்களில் தேறுகிற மூளை ஒரு துறையின் கதவுக்குள் நுழைந்ததும் மழுங்கிப்போகுமா?

தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பிளாஸ்டிக் கூரை வீட்டிலிருந்தும் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் இப்போதைய விதிப்படி முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புதான். அதற்குள் தேறாவிட்டால் படிப்பே போய்விடும். போராடி வாங்கிய சீட்டு, சத்தமில்லாமல் உள்ளேயே காலியாகிவிடலாம்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். ஒவ்வொரு கல்லூரியும் பாடவாரியாக, பிரிவுவாரியாகத் தேர்ச்சி விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பேர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். வைவா மேசையில் ரேங்க்கும் ஒதுக்கீட்டுப் பிரிவும் காட்டும் பட்டியல் இருக்கக் கூடாது. எழுத்தில் தேறியவர் செய்முறையில் மட்டும் தோற்றால் வேறு கல்லூரித் தேர்வாளரைக் கொண்டு மறுதேர்வு நடத்த வேண்டும். தோற்ற காரணத்தால் உதவித்தொகை ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி ஊரிலும் சீனியர்களைக் கொண்டு முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ராத்திரி வகுப்பு தொடங்கலாம். பெரிய செலவில்லை. ஒரு அறை, ஒரு எலும்பு செட், வாரத்துக்கு மூன்று நாள் போதும்.

பட்டம் வாங்கி வெளியே வந்த நம் டாக்டர்கள் பலர் உள்ளே பட்டதைச் சொல்லாமலே இருக்கிறார்கள். சொன்னால் தகுதியில் குறை என்பார்களோ என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் எந்த வருடம், எந்தப் பாடம், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்ன கேட்டார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் எழுத வேண்டும். இந்த வருடம் எலும்பைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கப்போகிற பிள்ளைக்கு அது தேவைப்படும்.