ஆறு மாதம் ஆகட்டும்

நாள் முழுக்க நாயைத் தமிழில் கொஞ்சுகிறவர்கள்கூட அதை உட்கார வைக்கும்போது மட்டும் ‘சிட்’ என்று அதட்டுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கவாத்து மைதானத்தில் நிற்பதுபோல் இருக்கும். கூடவே ஒரு பழைய அறிவுரையும் உண்டு. குட்டி வீட்டுக்கு வந்ததுமே, ‘ஆறு மாசம் ஆகட்டும், அப்புறம் பழக்கலாம்’ என்பார் யாராவது ஒருவர். அதட்டல், ஆறு மாதம் இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். அதைத் தேடிப் போனால் வேட்டைக்காடும் போலீஸ் கொட்டடியும் வருகின்றன.

எப்போது தொடங்குவது என்ற கேள்வி மிகப் பழையது. கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் பெயரில் நிற்கும் வேட்டை நூல், பெட்டை நாயை எட்டு மாதத்திலும் கடுவனைப் பத்து மாதத்திலும் வேட்டைக்கு அழைத்துப் போகலாம் என்கிறது. கூப்பிட வசதியாகப் பெயர் சிறியதாக இருக்கட்டும் என்று சொல்லி, 47 பெயர்களையும் அடுக்குகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் பிசகாத யோசனை அது.

இங்கிலாந்தின் வேட்டைக்காரர்கள் இந்த வேலைக்கு வைத்த பெயர் ‘டாக் பிரேக்கிங்’. நாயை ஒடித்து வழிக்குக் கொண்டுவருவது என்று பொருள். 1848இல் ஹட்சின்சன் என்ற ராணுவ அதிகாரி எழுதிய புகழ்பெற்ற கையேட்டின் தலைப்பும் அதுவே. அடியாத மாடு படியாது என்று நம் ஊரில் சொல்லவில்லையா, அதே எண்ணம்தான். 1880களில் அமெரிக்காவின் எஸ்.டி. ஹம்மண்ட் இதை எதிர்த்து எழுதினார். பழக்குவது வேறு, ஒடிப்பது வேறு என்பது அவர் கட்சி. சாட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, நாய் சரியாகச் செய்தால் இறைச்சித் துண்டு கொடுக்கச் சொன்னார். அன்று அது பெரிதாக எடுபடவில்லை.

எடுபட்டது ஜெர்மானியப் போலீஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட்டின் முறை. 1910இல் வந்த அவருடைய நூலைப் படித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. நாய் மனிதனைப்போல் யோசித்துப் பார்த்து நடப்பதில்லை, ஒரு செயலை அடுத்து இன்பம் வந்தால் அதைத் திரும்பச் செய்யும், துன்பம் வந்தால் விட்டுவிடும் என்று அதில் எழுதியிருக்கிறார். பின்னாளில் உளவியலாளர் ஸ்கின்னர் சோதனைக்கூடத்தில் நிறுவிய விதிகளின் சாயல் அதில் தெரிகிறது. அப்போது ஸ்கின்னருக்கு வயது ஆறு. ஆனால் மோஸ்ட்டின் கையில் முள் கழுத்துப்பட்டையும் பிரம்பும் இருந்தன. இரண்டு உலகப் போர்கள் நடந்த காலத்தில், தீனியைவிடப் பிரம்புதான் அதிகம் பரவியது.

வீட்டு நாய்களுக்கு இந்தப் பாடம் வந்த கதையில் கொஞ்சம் ரோஷமும் கலந்திருக்கிறது. நியூயார்க் அருகே பூடில் நாய்கள் வளர்த்த ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கருக்கு, தன் நாய்களை வெறும் அலங்காரப் பொம்மைகள் என்று பிறர் கேலி செய்தது பொறுக்கவில்லை. 1933இல் மவுண்ட் கிஸ்கோவில் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். வந்தவை எட்டே நாய்கள். மூன்றே ஆண்டுகளில் அமெரிக்க கென்னல் கிளப் அந்தப் போட்டியைத் தனதாக்கிக்கொண்டது. 1937இல் வாக்கரும் அவருடைய உதவியாளர் பிளான்ஷ் சாண்டர்ஸும் டிரெய்லர் வண்டியில் நாய்களை ஏற்றிக்கொண்டு நாட்டைச் சுற்றி வந்து வித்தை காட்டினார்கள். நகரங்களில் வகுப்புகள் முளைத்தன.

ஆறு மாதக் கணக்கு வேரூன்றியது இந்த வகுப்புகளில்தான். கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்துப் பழக்கும்போது பிஞ்சுக் கழுத்து தாங்காது. அதனால் குட்டி கொஞ்சம் முற்றட்டும் என்று காத்திருந்தார்கள். அதாவது அந்த வயது நாயின் புத்தியைப் பார்த்து வைத்ததல்ல, கழுத்தைப் பார்த்து வைத்தது! டிஸ்னி படங்களுக்கு விலங்குகளைப் பழக்கிய வில்லியம் கோலர் 1962இல் எழுதிய நூல் இந்த வழியின் உச்சம். தோட்டத்தில் பள்ளம் தோண்டும் நாய்க்கு அவர் சொன்ன மருந்து, அதே பள்ளத்தில் தண்ணீர் நிரப்பி நாயின் மூக்கை அதில் அமுக்குவது. அந்த நூல் ஏராளமாக விற்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கிடையே மினசோட்டாவில் வேறொரு வழி திறந்திருந்தது. போர்க்காலத்தில் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு குண்டுகளை வழிநடத்தும் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். அதில் அவரோடு வேலை செய்த மாணவர்கள் கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி. 1947இல் இருவரும் விலங்குகளைப் பழக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். அடி கிடையாது. விலங்கு சரியாகச் செய்த அந்த நொடியில் ‘டிக்’கென்று ஒரு சத்தம், பின்னால் ஒரு வாய் தீனி. அவ்வளவுதான். கோழி பியானோ வாசித்தது. நாய் பழக்குகிறவர்களிடமும் போய்ப் பார்த்தார்கள், அவர்களோ திரும்பியும் பார்க்கவில்லை. கோழிக்கு வித்தை சொல்லிக்கொடுப்பவர் நமக்கென்ன சொல்வது என்று நினைத்திருக்கலாம்.

கடைசியில் அந்தச் செய்தியை நாய்க்காரர்களிடம் கொண்டு சேர்த்தது டால்ஃபின்தான். 1960களில் ஹவாய்த் தீவுகளின் கடல்விலங்குக் காட்சிசாலை ஒன்றில் கரேன் பிரையர் டால்ஃபின்களைப் பழக்கினார். அவற்றுக்குச் சங்கிலி மாட்ட வழியில்லை. அதட்டினால் நீந்திப் போய்விடும். விசிலும் மீனும் தவிர அவர் கையில் வேறொன்றும் இல்லை. அந்த அனுபவத்தில் எழுதிய அவருடைய 1984ஆம் ஆண்டு நூல்வழி, விசிலுக்குப் பதில் ‘டிக்’கென்று சத்தமிடும் சிறு கிளிக்கர் நாய் வகுப்புகளுக்குள் நுழைந்தது.

வயதுக் கணக்கை உடைத்தது இன்னொரு ஆராய்ச்சி. அமெரிக்காவின் பார் ஹார்பரில், உயர்ந்த வேலிக்குள் மனித வாசமே படாமல் குட்டிகளை வளர்த்துப் பார்த்தார்கள். சில குட்டிகளை இரண்டாவது வாரம் முதல் ஒன்பதாவது வாரத்துக்குள் வெவ்வேறு நேரத்தில் வெளியே எடுத்து விளையாடினார்கள். பதினான்காம் வாரத்தில்தான் முதன்முதலாக மனிதரைக் கண்ட குட்டிகள், அதன்பிறகு எவ்வளவு கொஞ்சினாலும் மிரண்டு ஒதுங்கின. 1961இல் வெளியான முடிவு இது. ஆறு மாதம் காத்திருந்தவர்கள், உலகத்தோடு பழக வேண்டிய பருவத்தையே தவறவிட்டிருந்தார்கள்.

அறிவியல் வந்த பிறகும் குட்டிகளுக்கான வகுப்பு வர இருபது ஆண்டு ஆனது. இங்கிலாந்திலிருந்து கலிபோர்னியா போன கால்நடை மருத்துவர் இயன் டன்பார், தன் சொந்தக் குட்டியைச் சேர்க்க ஒரு வகுப்பும் கிடைக்காமல், 1980களின் தொடக்கத்தில் தானே ஒன்றை ஆரம்பித்தார். குட்டிகள் சங்கிலியில்லாமல் ஒன்றோடொன்று உருண்டு விளையாடின. கையில் தீனியைக் காட்டி மூக்குக்கு மேலே உயர்த்தினால் பின்பக்கம் தானாகத் தரையில் அமர்ந்தது. இன்று அமெரிக்காவில் விலங்கு நடத்தை ஆராயும் கால்நடை மருத்துவர்கள், முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழிந்தால் ஏழெட்டு வாரக் குட்டியையே வகுப்பில் சேர்க்கலாம் என்கிறார்கள். கென்னல் கிளப்பின் கீழ்ப்படிதல் போட்டியில் இறங்க மட்டும் நாய்க்கு இன்னும் ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும்.